நாகத்துக்குத் தொப்பை போட்ட மாலை

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களிடம் அடக்கமாக இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அது வரவே வராது. (இப்போதும்தான். அம்மாவைக் கேளுங்கள்.)

பிள்ளைகளே, அப்போது எனக்குக் கடற்கரைப் பக்கத்துச் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருஷம் ஆகியும் முதலாளியை ‘முசே’ என்றுதான் கூப்பிடுவோம். உங்கள் அம்மாவை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த, காலமெல்லாம் கடலில் படகு ஓட்டிய வீராம்பட்டினத்துத் தாத்தாவுக்கு என்னிடம் ஒரே குறை. “கடலுக்குப் போவாத பையன். ஒரு கயிறு கட்டத் தெரியுமா அவனுக்கு?”

அந்தச் சமயம் வெள்ளைக்காரர்களின் மாயக் கதைகளை வைத்து எடுத்த பாட்டுப் படம் ஒன்று வந்தது. என்ன படம் அது! செருப்புத் தைப்பவர் தூங்கும்போது குட்டிக் குள்ளர்கள் ஆடிப்பாடித் தைத்து வைப்பார்கள். மலைபோல ஒரு நாகம் நெருப்பைக் கக்கும். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாமலே அழுதேன், சிரித்தேன். ஆனால் படம் அகலம், எங்கள் திரை குறுகல். இளவரசி பாதி திரையிலும் பாதி சுவரிலுமாக ஆடினாள்.

எங்கள் அப்பா படகுக்குக் கட்ட வாங்கிய புதுப் பாய்கள் இரண்டு வீட்டில் தண்ணீர் படாமல் கிடக்கின்றன, தைத்துச் சேர்த்து அகலத் திரையாகக் கட்டித் தருகிறேன் என்று முசேயிடம் முந்திக்கொண்டு சொன்னேன். சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்த, எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் கட்டினேன். கயிற்றின் முனை கீழே ஒரு முளையில், படகில் போடுகிற மாதிரி ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சு. தாத்தாவை அழைத்துவந்து முளைக்குப் பக்கத்திலேயே மரியாதையாக நாற்காலி போட்டேன். திரை என் கைவேலை என்று அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன்.

நாகம் வந்தது. புழுக்கம் தாங்காமல் யாரோ கிழக்குக் கதவைத் திறக்க, கடற்காற்று பாய்க்குப் பின்னால் புகுந்தது. நாகத்துக்குத் தொப்பை போட்டது. தலை எங்கள் மேலேயே பாய்வதுபோல முன்னால் வந்தது. (அமெரிக்காவில்கூட இப்படிக் காட்டியிருக்க மாட்டார்கள்.)

தாத்தா நாகத்தைப் பார்க்கவில்லை. காற்று ஏறிய பாயைத்தான் பார்த்தார். கை தானாக முளைக்குப் போயிற்று.

“காத்து ஏறிப்போச்சு, பாயை எறக்குடா!”

ஒரே இழுப்பு. முன்வரிசை, முசே, முசேயின் தொப்பி எல்லாம் பாய்க்கு அடியில். நாகம் மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் பல்லிகளைத் துரத்திக்கொண்டிருந்தது.

வேலை அங்கேயே போயிற்று. பெண்ணும் போயிற்று என்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தாத்தா வந்து நின்றார்.

“முடிச்சு யாரு போட்டது?”

“நான்தான் மாமா.”

“நல்லா அவுந்துச்சு” என்றார். “கடல்ல இப்படி அவுந்தாதான் ஆளு வூட்டுக்கு வருவான். ஆவணியில கல்யாணத்தை வச்சிக்கலாம்.”

சினிமாவில் காற்றடிக்கும் காட்சி வந்தால் தாத்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளச் சொல்லி அம்மா ஏன் உங்களைப் பக்கத்தில் உட்கார வைக்கிறாள் என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.