நாங்களே சுட்டது

ஸ்ரீமுஷ்ணம் சம்பந்தி திரு. குருமூர்த்தி அவர்களுக்கு,

விருத்தாசலத்திலிருந்து விருத்தகிரி எழுதுவது. இங்கே நான், என் சம்சாரம் பெரியநாயகி, கல்யாணப் பெண் தமிழினி, பீங்கான் சூளை எல்லாரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தை விசாரிக்கலாமென்று போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை, ஆகையால் இந்தக் கடிதம். தட்டு மாற்றிய பிறகு கல்யாணத்தை யோசிக்கணும் என்று ஆள் விட்டுச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நடந்தது இதுதான். பிள்ளையார் சதுர்த்திக்குப் பொம்மை விற்கத் தங்கள் மகன், மாப்பிள்ளை சேரன், எனக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தார். ஒரு பிள்ளையார் படத்தையும் அவரே போட்டுவிட்டு, கீழே இரண்டு வரி என்னை எழுதச் சொன்னார். நான் உள்ளதை எழுதினேன்: "பிள்ளையார் மலிவு விலையில். அத்தனையும் நாங்களே சுட்டது. இரண்டு முறை சுட்டது." பீங்கானை வெறுமனே ஒரு தடவையும், பளபளப்புக்குப் பூச்சு பூசி மறு தடவையும் சூளையில் வைத்துச் சுடணும், இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உலகத்தில் 'சுட்டது' என்றால் திருடியது என்று எப்போது ஆச்சு, யார் ஆக்கினது, எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!

எந்தக் கோயிலில் சுட்டீங்க என்று ஒருவர் கேட்டார். கோயிலில் எதுக்குச் சுடப்போறோம், வீட்டுக்குப் பின்னாலேயே சுடுறோம் என்றேன். தனியாகவா என்றார். குடும்பமே சேர்ந்துதான், எங்கள் பெண் தமிழினி என்னைவிட நன்றாகச் சுடுவாள் என்று பெருமையாகப் போட்டேன். சிரிக்கிற மூஞ்சியாக வந்து குவிஞ்சுது, வியாபாரம் சூடு பிடிச்சுடுச்சுன்னு நானும் பதிலுக்குச் சிரிச்சு வச்சேன். மங்களூரிலுள்ள தங்கள் மச்சினர் அதைப் படித்துத் தங்களுக்கு அனுப்பினாராம். அன்றைக்குத்தான் சம்பந்தியம்மா பெரியநாயகிக்குப் போன் போட்டு, "பொண்ணு வேலைக்கெல்லாம் போவுதுன்னு சொன்னீங்க, என்னா வேலைன்னு சொல்லலியேங்க" என்றார்கள். பெரியநாயகி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தமிழினி அழுதுகொண்டே இருக்கிறாள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சரி, விளக்கம் கொடுத்துவிடலாமென்று அதே பக்கத்தில், "நாங்கள் சுட்டது உண்மை, ஆனால் பிள்ளையாரைச் சுடவில்லை, மண்ணைத்தான் சுட்டோம்" என்று எழுதினேன். மறுநாள் தாலுகா ஆபீஸிலிருந்து பைக்கில் ஒருத்தர் வந்து, எந்த ஏரியில மண்ணு அள்றீங்க, பர்மிட்டு இருக்குதான்னு கேக்குறாரு. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அவரைச் சூளைக்குக் கூட்டிப்போய்க் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, எங்கள் பரம்பரையில் அடுத்தவர் பொருளைத் தொட்டவர் கிடையாது. தாங்களும் ஒருநடை வந்து சூளையைப் பாருங்கள், என் பெண் சுடுவதையும் பாருங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. பழமலைநாதர் எல்லாருக்கும் தெளிவைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
விருத்தகிரி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பண்ருட்டியிலிருந்து ஒரு பொம்மைக் கடைக்காரர் போனில் கத்தினார். என் ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிற பிள்ளையார் படம் அவர் கடையுடையதாம். மாப்பிள்ளையைக் கேட்டேன். "ஆமாங்க மாமா, அது நெட்டுல சுட்டது" என்றார், சாதாரணமாக. பெரியநாயகி பக்கத்திலேயே இருந்து கேட்டுவிட்டாள். இப்போது கல்யாணத்தை யோசிக்கணும் என்று அவள் சொல்கிறாள். தயவுசெய்து தாங்களாவது போனை எடுங்கள்.