சாமான் கப்பலும் கழன்ற கதவும்

ரோஷம் வரவேண்டிய இடத்தில் வராது. வராமலே இருந்துவிட்டாலும் பரவாயில்லை, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் வந்து நின்று மானத்தை வாங்கும். எனக்கு அது நண்பன் ரம்சி வீட்டு மேல்மாடியில் வந்தது. வந்த வேகத்தில் அவனுடைய உம்மாவின் அலுமாரிக் கதவைக் கழற்றியது. எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்திருந்த மனிதர் அப்போது பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் எங்கள் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் எடுத்த பழைய விஞ்ஞானக் கதைத் தொடர் ஒன்று. அதன் இங்கிலீஷ் பெயரைச் சொன்னால் கண்டியில் மூன்று பேருக்குத்தான் தெரியும் (அந்த மூன்று பேரும் நாங்கள்தான்). நாங்கள் வைத்த பெயர் ‘சாமான் கப்பல்’. கிரகம் கிரகமாகப் போய் உரமும் தானியமும் இறக்குகிற ஓர் ஓட்டை விண்கலத்தின் கதை அது. அதில் யுத்தம் கிடையாது. உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையும் கிடையாது. நேரத்துக்குச் சாமான் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய விஷயம்.

நான் கண்டியில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பவன். தர்சினி கணக்காளர். ரம்சி அக்குறணையில் வாப்பாவின் பாத்திரக்கடையைப் பார்ப்பவன். மாதாமாதம் பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் மூவரும் அந்தக் கடைக்கு மேலே உள்ள ரம்சி வீட்டில் கூடி, ஓர் அத்தியாயத்தை இரண்டு முறை பார்ப்போம். முதல் முறை யாரும் வாய் திறக்கக்கூடாது. இரண்டாம் முறை யார் கையைத் தூக்கினாலும் நிறுத்திவிட்டு அலசவேண்டும். அலசி முடிவதற்குள் உம்மா சமைத்த சோறு ஆறிப்போகும்.

முதல் பருவத்தின் நாலாம் அத்தியாயம் எங்களுக்கு வேதம். புழுதிப் புயல் வருகிறது. கப்பல் உடனே கிளம்பவேண்டும். மூட்டை ஏற்றுகிற ஒருவன் (அவனுக்குப் பெயர்கூட இல்லை) இன்னும் வெளியே நிற்கிறான். கதவைத் தாங்குகிற இயந்திரம் உடைந்துவிட்டது. கப்டன் ஒரு பெண். மூடிக்கொண்டு வருகிற கதவுக்கு அவள் தோளைக் கொடுத்து, அவன் ஓடி வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை.

அந்தக் கதவு வெறும் அட்டை. கீழ் மூலையில் பெயிண்ட் உரிந்து அட்டை தெரிவதை ரம்சி ஒவ்வொரு முறையும் தவறாமல் காட்டுவான். அட்டை என்று தெரிந்துகொண்டு பார்த்தாலும் நான் கதிரையை விட்டு எழுந்து நின்றுவிடுவேன். ஏன் எழுகிறேன் என்று கண்டுபிடித்தவள் தர்சினி. அந்தக் காட்சியில் கப்டனுக்கு வசனமே இல்லை, மூச்சு மட்டும்தான். முகத்தையும் காட்டமாட்டார்கள். முழங்கையைக் காட்டுவார்கள், அது மெல்ல நடுங்கத் தொடங்கும். கையில் காசில்லாமல் அட்டையை வைத்துப் படம் எடுத்தவர்களுக்கு ஒரு முழங்கையை நம்பத் துணிச்சல் இருந்ததே, அதை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

இப்படி முழங்கையைப் பற்றிப் பேசிப் பேசியே எனக்கும் தர்சினிக்கும் காதல் வந்துவிட்டது.

தர்சினியின் அப்பா அருளானந்தம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அம்பிட்டியவில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பள்ளிக்கூடத்தை விட்டாலும் புள்ளி போடுவதை விடவில்லை. சாம்பாருக்கு சி. பக்கத்து வீட்டு மதிலுக்கு எஸ் (எஸ் என்றால் சாதாரண சித்தி, சிக்கும் கீழே கடைசிப் பாஸ், தப்பிப் பிழைத்தது என்று அர்த்தம்). மகளுக்கு வந்த வரன்கள் அத்தனைக்கும் எஃப். அவர் வாயிலிருந்து ஏ வந்ததை வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானோ மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். “பெடியனையும் பாக்கோணும், போயாவுக்குப் போயா என்னத்தைப் பாக்கிறியள் எண்டும் பாக்கோணும்” என்று மாஸ்டர் கிளம்பிவிட்டார்.

அவர் வருவதற்கு முதல் நாள் தர்சினி எனக்குப் போன் எடுத்தாள்.

“அப்பா என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லுங்கோ. வாதாடப் போகாதேங்கோ.”

“சரிங்க.”

“சரிங்க இல்லை. ஓம்.”

“ஓம்.”

அன்றிரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று, யாழ்ப்பாணத்து ஆமாமான அந்த ஓமை விதவிதமாகச் சொல்லிப் பழகினேன். அறை நண்பன் எனக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதாக நினைத்தான்.

மாஸ்டர் வெள்ளைச் சட்டை, குடை சகிதம் வந்து இறங்கினார். உம்மா தந்த தேநீரை ஒரு மிடறு குடித்து, மகளிடம் மெதுவாக “சி” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சம்பளம் பெரிசாக் காணாது, என்ன?”

“ஓம்.”

“தலைமயிரும் இப்பவே கொட்டுது.”

“ஓம்.”

“தோட்டப் பக்கத்திலை தாய் தேப்பனுக்குப் பிள்ளையளின்ரை படிப்பிலை அக்கறை இல்லை. உம்மைப் போல ஒண்டு ரெண்டு தப்பி வரும். என்ன தம்பி?”

“ஓம்.”

சொல்லிவிட்டேன். சாட்சாத் நானேதான் சொன்னேன். என் அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்த மகன், அந்த மூன்றாவது ஓமையும் முதல் இரண்டைப் போலவே பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான். தர்சினி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அதை ‘சபாஷ்’ என்று எடுத்துக்கொண்டேன் (மடையன்).

நாலாம் அத்தியாயத்தைப் போட்டோம். முதல் முறை மாஸ்டர் அசையாமல் பார்த்தார். எனக்கு நம்பிக்கைகூட வந்தது. இரண்டாம் முறை, கதவுக் காட்சியில், முதலில் தூக்கிய கை அவருடையது. ரம்சி நிறுத்தினான். திரையில் கப்டனின் முழங்கை அப்படியே நின்றது.

“உந்தக் கப்டனுக்கு எஃப்” என்றார் மாஸ்டர். “கப்பலுக்குள்ளை அத்தினை பேர். வெளியிலை ஆர்? ஒரு மூட்டை தூக்கிறவன். அவனுக்காக எல்லாரின்ரை உயிரையும் பணயம் வைக்கிறதோ? கணக்குத் தெரிஞ்சவள் கதவைப் பூட்டிப்போட்டுப் போயிருப்பாள். என்ன தம்பி?”

எல்லோரும் என் ஓமுக்காகக் காத்திருந்தார்கள். நானும்தான் காத்திருந்தேன்.

“இல்லைங்க சார்” என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். “மூட்ட தூக்குறவனும் கப்பல்ல உள்ளவன்தான். அவன் ஏத்துன சாமான்லதான் கப்பலே ஓடுது. அவன வுட்டுட்டுப் போற கப்பலு எங்க போய்ச் சேந்தா என்னா?”

“கதை நல்லாத்தான் கிடக்கு. ஆனால் ஒரு ஆள் தோளாலை உவ்வளவு நேரம் பிடிக்கேலாது. நடைமுறைக்கு ஒவ்வாது.”

“புடிக்கலாம் சார். இப்ப காட்றேன்.”

அறையின் மூலையில் உம்மாவின் கண்ணாடிக் கதவு அலுமாரி நின்றது. உள்ளே பெருநாளுக்கு மட்டும் வெளியே வரும் கோப்பைகள் இருந்தன. “மச்சான், அதுல மட்டும் கை வெக்காத” என்று ரம்சி சொல்லி முடிப்பதற்குள் நான் கதவைத் திறந்து, தோளைக் கொடுத்து, கப்டனைப் போலவே காலை அகட்டி நின்று ஓர் அழுத்து அழுத்தினேன். மேல் கீல் கையோடு கழன்று வந்தது. ஆளுயரக் கண்ணாடிக் கதவு கீழ்க் கீலில் மட்டும் தொங்கிக்கொண்டு என் தோளில் சாய்ந்தது. விட்டால் கண்ணாடியும் போச்சு, கோப்பைகளும் போச்சு.

மாஸ்டர் குடையை எறிந்துவிட்டுப் பாய்ந்து வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். “விடாதையும் தம்பி, விடாதையும்.”

கீலைத் திரும்ப முடுக்கத் திருப்புளி வேண்டும், அது கீழே கடையில் இருந்தது. கடை பூட்டியிருந்தது. “சாவி வாப்பாட கைல ஈக்கிது, கட்டுகஸ்தோட்டைக்குப் போயிருக்காரு. இந்தா கூட்டி வாறேன்” என்று ரம்சி மோட்டார் சைக்கிளில் பறந்தான். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “வெளாண்டு முடிஞ்ச ஒடன கதவ இருந்த எடத்துல வெச்சிருங்க மகன். எங்கட உம்மா தந்த அல்மாரி” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

தர்சினி கோப்பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். எடுத்து முடித்ததும் எனக்கு நேரே வந்து நின்றாள்.

“உங்கடை அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அப்பா சொன்னவர். அதுக்கு ஓம் எண்டு சொன்னியள். அட்டைக் கப்பலுக்கு மட்டும் இல்லை எண்டு சொல்லுறியள்.”

“நீங்கதானே ஓம்னு சொல்லச் சொன்னீங்க.”

“அதுக்குமோ?”

ஓடி ஒளியலாம் என்றால் தோளில் கதவு இருந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்டரின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“சார், முந்தி நான் ஓம்னு சொன்னது பொய்ங்க” என்றேன். “மழைக் காலத்துல மலையில ஒண்ணும் காயாது. கால்ல ஈர சப்பாத்த மாட்டிக்கிட்டுப் போனா புள்ளைக்கு சளி புடிச்சு பள்ளிக்கூடம் நின்டுரும்னு எங்கம்மா அடுப்புகிட்ட குந்திக்கிட்டு, என் சப்பாத்த திருப்பித் திருப்பிக் காய வைக்கும். விடிஞ்சா கொழுந்தெடுக்க மலைக்கும் போவணும். அக்கற இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க சார்.”

மாஸ்டர் கதவை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துத் தாங்கினார். நான் அவருடைய முழங்கையைப் பார்த்தேன். அது மெல்ல நடுங்கத் தொடங்கியிருந்தது.

“தம்பி.”

“சார்?”

“தோள் நோகுதோ?”

“ஓம்.” அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மையான ஓம் அதுதான்.

“எனக்கும் நோகுது.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஆனாலும் பிடிக்கலாம் போலதான் கிடக்கு. கப்டனுக்கு எஸ் போடுவம்.”

ரம்சியின் வாப்பா வந்து கீலைப் பூட்டும்போது எங்கள் இருவராலும் கையை நேராகத் தொங்கவிட முடியவில்லை. மாஸ்டர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே படி இறங்கினார். போச்சு என்று நினைத்தேன். மறுநாள் ஆய்வுகூடத்தில் இருக்கும்போது தர்சினியின் அழைப்பு வந்தது. “ரிசல்ட்ஸ் வந்திட்டுது. உங்களுக்கு எஸ்” என்றாள். கையில் யாரோ ஒருவரின் சிறுநீர்ப் போத்தல் இருந்ததையும் மறந்து துள்ளினேன்.

இப்போது அவர் எனக்கு மாமா. போயா தவறாமல் எங்களோடு வருகிறார், அலுமாரிக்கு எட்டத்தில் கதிரையைப் போட்டுக்கொள்கிறார். நாலாம் அத்தியாயம் வந்தால் கையைத் தூக்கி நிறுத்தி, அந்தத் தோளையும் முழங்கையையும் எங்களுக்கே விளக்குகிறார். பலமுறை மீள்திருத்தம் நடந்து, கப்டன் எஸ்ஸிலிருந்து ‘சி’க்கு ஏறி, இன்றைக்கு ‘பி’யில் நிற்கிறாள். நான் எஸ்ஸிலேயே நிற்கிறேன்.

ஆனால் அவர் வாயிலிருந்து ஏ விழவே இல்லை என்று சொல்லமுடியாது. கல்யாணம் பேச அவர் முதன்முதல் மடுல்கெல்ல வந்தபோது, அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மாமா அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். எழுந்து போய் அடுப்படியை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கோப்பையை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டி, “ஏ” என்றார். தர்சினிக்குத் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது.

மாமாவின் புள்ளிக் கணக்கை அம்மாவுக்கு நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன்.

“ஏ-ங்களா?” என்றார் அம்மா. “அப்ப எம் மவனுக்கு எவ்ளோங்க சார் போட்டிருக்கீங்க?”

“எஸ்.”

அம்மா என்னை மேலும் கீழும் சந்தேகத்தோடு ஒரு முறை பார்த்தார்.

“அதுவே கூடத்தாங்க.”

இன்றைக்கும் ஏதாவது சாதித்துவிட்டதாக நான் வாயைத் திறந்தால், எங்கள் வீட்டில் யாழ்ப்பாணம், மடுல்கெல்ல, அக்குறணை என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் ஒரே குரலில் அம்மாவைப் போலவே சொல்கிறார்கள்: “அதுவே கூடத்தாங்க.”