பூ முடியட்டும்!

லிப்ட் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஆசையாக வாங்கிய பழைய கார் தெருவில் கிடந்து வெயில் காய்கிறது. வீட்டு முன்னால் இருக்கிற இடத்திலோ, மனைவி வளர்க்கும் தும்பையும் துத்தியும் ஆவாரையும் சொகுசாகக் கால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அத்தனையையும் பிடுங்கிப் போட்டு, சிமென்ட் பூசி, காரை உள்ளே விட்டே தீருவது! கொத்தனாரிடமும் சொல்லி வைத்தாயிற்று.

"நாளைக்குப் பிடுங்கறேன். யார் சொன்னாலும் நிக்கமாட்டேன்."

மனைவி பிரசவ வார்டில் தலைமை நர்ஸ். இதைவிடப் பெரிய கூச்சலெல்லாம் தினமும் கேட்கிறவள்.

"தாராளமா பிடுங்குங்க. தேனீயும் பட்டாம்பூச்சியும் இதை நம்பித்தான் வருதுங்க. பூ இருக்கிறவரைக்கும் மட்டும் கை வைக்காதீங்க."

"அவ்வளவுதானே? சத்தியம்!"

இவ்வளவு லேசாக ஜெயித்ததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

தும்பை உதிர்ந்தது. மண்வெட்டியோடு போனார். துத்தி பூத்திருந்தது. துத்தி ஓய்ந்தது. மறுபடி போனார். ஆவாரை மஞ்சளாக வெடித்து நின்றது, மேலே ஒரு தேனீப் பட்டாளம். ஆவாரை தளரும்போது வேலியோரத்து நொச்சி ஊதாவாகச் சிரித்தது.

மனிதர் விடவில்லை. தோட்டத்துக் குழாயைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தண்ணி இல்லாம எத்தனை நாள் பூக்குதுன்னு பார்த்துடறேன்!"

மூன்று வாரம் பார்த்தார். வாடியது அவர் முகம் மட்டும்தான். இந்த மண்ணிலேயே காய்ந்து பழகிய செடிகள், முன்னைவிட அதிகமாகப் பூத்தன. காத்திருந்து காத்திருந்து அவர் கண்ணும் சேர்ந்து பூத்துப்போனது.

கொத்தனார் நாலாவது தடவையாக வந்து நின்றார்.

"அண்ணே, செடி பூக்குது, நீங்க காயறீங்க. நான் எப்பத்தான் வரட்டும்?"

மெக்கானிக்குக்குக் கோபம் தலைக்கேறியது. மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதுங்க எப்பத்தான் ஓயும்?"

"என் வார்டுல என்னைக்காவது டியூட்டிக்கு ஆள் இல்லாம இருந்திருக்கா? ஒண்ணு இறங்கறப்ப இன்னொண்ணு ஏறணும்னு பார்த்துத்தானே நட்டிருக்கேன்!"

"அப்ப பூவே இல்லாத மாசம்னு ஒண்ணு கிடையாதா?"

"ஏன் இல்லாம?"

அவர் பாய்ந்துபோய்க் காலண்டரை எடுத்து வந்தார். கொத்தனாரும் காதைத் தீட்டிக்கொண்டார்.

"சொல்லு, எந்த மாசம்?"

"பதிமூணாவது மாசம்."