இறங்காத கொடி

தபால் என்ற ஒன்று தோன்றிய நாள் தொட்டு ஒரு கடிதத்தைக்கூடத் தவறவிடாத அலுவலகம் உலகில் ஒன்றே. அது பதுளையில், 'தோட்டக் குடியிருப்பு மேன்மைப் பிரிவு' என்ற பலகைக்குப் பின்னால் இருந்தது. தேயிலைத் தோட்டத்து முறைப்பாடுகளைக் கொழும்புக்கு அனுப்புவதே அதன் திருப்பணி. எட்டு மாதமாகக் கணினியில் ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை எழுத்தில் 'அனுப்பப்பட்டது'. நூறு வீதம். பாராட்டுக் கேடயமும் வந்துவிட்டது.

கணினிகளுக்குப் பொறுப்பான சுபாஜினிக்கு மட்டும் அந்தப் பச்சை உறுத்தியது. கொஸ்லந்தைப் பக்கத்துத் தொழிலாளர் லயமொன்றிலிருந்து நாலு வருஷமாக எழுதிப்போடும் மாரியாயி நேரிலேயே படியேறி வந்து, வீட்டுச் சுவர் வெடிப்பில் இப்போது கை நுழைகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சுபாஜினி மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். இணையக் கம்பியை எலி எப்போதோ கடித்துத் துண்டாக்கியிருந்தது.

காரணம் பிடிபட்டது. செய்தியை வெளியே அனுப்பும் நெட்வேர்க் கார்ட் எட்டு மாதத்துக்கு முன் மாட்டிய புதிது. அதை இயக்கும் 'ட்ரைவர்' என்ற மென்பொருள் பழையது. பழைய கார்ட், கடிதம் போனதும் 'முடிந்தது' என்று ஓர் அடையாளக் கொடியை உயர்த்தும். புதிய கார்ட்டில் அந்தக் கொடிக்கு வேலையில்லை; ஓய்வுபெற்ற அது எந்நேரமும் உயர்ந்தே நின்றது. ட்ரைவர் அதை நம்பிப் பச்சை காட்டியது. பதில் வரவில்லையே என்று யாரும் சந்தேகப்படவில்லை. பதில் வருவது அங்கே வழக்கமில்லை.

விசேட கூட்டம் கூடியது. அந்தக் கொடியைப் பார்க்காதே என்று ட்ரைவருக்குச் சொல்ல மூன்று வரி போதும் என்றாள் சுபாஜினி. பணிப்பாளர் வீரசிங்கம், ட்ரைவர்மார் சங்கத்தோடு பேசியாயிற்றா என்று விசாரித்தார். இது வாகனம் ஓட்டும் ட்ரைவர் இல்லை என்று விளக்குவதில் அரை மணி போனது. கொடி இறக்குவதென்றால் சுற்றறிக்கை வேண்டும் என்றார் நிர்வாக உத்தியோகத்தர்.

"நூறு வீதத்தை மூணு வரியில சைபராக்கப் பார்க்கிறீங்க, மிஸ்," என்றார் வீரசிங்கம், மெய்யான வருத்தத்தோடு.

"அது ஏற்கெனவே சைபர்தான், சேர்."

கொடிக்கு ஓராண்டு சேவை நீடிப்பு வழங்கிவிட்டுக் கூட்டம் கலைந்தது.

சுபாஜினிக்கு அந்தச் சுவரும் அதில் நுழைந்த கையும் கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்று வரியையும் எழுதினாள், கம்பியை மாற்றினாள். எட்டு மாதக் கடிதங்களும் பகல் சாப்பாட்டுக்கு முன் மெய்யாகவே கொழும்பு சேர்ந்தன. அதற்கு விளக்கம் கோரி அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. கையிலேயே கொடுத்ததால் அது தவறவில்லை.

அடுத்த வாரம் மாரியாயி மறுபடி வந்தார். புதிய கார்ட் வந்த இந்த எட்டு மாதமும் கடிதம் போகவேயில்லை என்று சொல்லி, சுபாஜினி மன்னிப்புக் கேட்டாள். மாரியாயி கோபப்படவில்லை.

"பழைய கார்டு இருந்தப்ப எங்க கடுதாசி நெசமாவே போச்சுங்களா, மிஸ்?"

"போச்சும்மா. ஒண்ணு விடாம."

"அப்பவும் யாரும் வரலைங்களே."