வெள்ள அடி

ஏரிக்குக் கீழே ஊர், ஊருக்கு மேலே குன்றில் அரண்மனை. இப்படி ஒரு நாடு இருந்தது, செல்லங்களே. கண்ணால் கண்டதைவிட முரசு சொன்னதையே அங்கே நம்புவார்கள். முரசறைகிற வேலாண்டிக்கு ஒரே மகள், பவளம். ஏரிக்கரைக்கு நேர்கீழே, பள்ளத்தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

முரசில் ஓர் அடி தனி. மும்மூன்றாய் விடாமல் விழும். வெள்ள அடி என்று பெயர். அது கேட்டால் சோற்றை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரே மேட்டுக்கு ஓடும்.

ஒரு மழைக்காலத்தில் கரை உடைப்பெடுத்தது. மடைக்காரர் இருளப்பன் மூன்று நாள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, மண்மூட்டை அடுக்கி அடைத்தார். நான்காம் நாள் அரசரின் மைத்துனர் குடையோடு வந்து, கரையைப் பார்த்துத் தும்மிவிட்டுப் போனார். ‘கரைகாத்த கோமான்’ விருது மைத்துனருக்குக் கிடைத்தது.

“வெள்ள அடியிலேயே அறிவி,” என்றார் செய்தி மந்திரி மங்களநம்பி.

“ஐயா, அது ஆபத்துக்கு உள்ளதுங்களே.”

“மற்ற அடிக்கு எவன் வருகிறான்? போன விருதுக்கு ஆறு பேரும் ஒரு கழுதையும் வந்தார்கள். கழுதையும் பாதியில் எழுந்து போய்விட்டது.”

வேலாண்டி அடித்தான். மேட்டுக்கு ஓடியவர்களைக் காவலர்கள் சவுக்கால் அடித்துத் திருப்பி, கரையடி மைதானத்தில் உட்காரவைத்தார்கள். முரசு நின்றதும் விழா தொடங்கியது. வந்தவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பிறகு வாரம் ஒரு விருது. மைத்துனரின் குடைக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று. ஊர் பழகிக்கொண்டது. வெள்ள அடி கேட்டால் தலைசீவி, மாலையோடு கிளம்பியது.

ஒருநாள் இருளப்பன் வேலாண்டியிடம் ஓடிவந்தார். “மாப்ளே, அடைச்ச எடத்துல தண்ணி கசியுதுடா. தெளிவா வந்தாக்கூடப் பரவாயில்ல, கலங்கலா வருது. உள்ள மண்ணு கரையுது!”

வேலாண்டி மந்திரியிடம் சொன்னான்.

“விருது வாங்கிய கரை எப்படியப்பா கசியும்? கசிகிறது என்றால் அது விருதைப் பழிப்பதாகாதா?” என்று மந்திரி வருத்தத்தோடு கேட்டார். இருளப்பனைச் சிறையில் தள்ளினார்கள். அன்று மாலையே வேலாண்டி, ‘கரை உறுதி, கரை உறுதி’ என்று முரசறைந்தான். அவனுக்கும் கழுத்து ஒன்றுதானே.

விடிந்ததும் மகளிடம் ஓடினான். “பவளம், புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கூட வந்துரும்மா. கரை நிக்காது.”

அவள் சிரித்துவிட்டாள். “என்னப்பா நீங்க! நேத்துத்தானே உறுதின்னு நீங்களே அடிச்சீங்க? உங்க முரச நம்பாம வேற யாரை நம்புவேன்?”

அவன் கையைப் பிடித்து இழுத்தும் அவள் வரவில்லை. குன்றேறி முரசுமேடைக்குப் போய், கரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உச்சிவேளையில் கரையின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கோடு அகன்றது. வேலாண்டி வெள்ள அடி அடித்தான். உள்ளங்கைத் தோல் கிழிந்து, கோலில் இரத்தம் வழிய அடித்தான்.

கீழே கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. தலைசீவி, மாலையோடு, ஊர் மைதானத்துக்கு நடந்தது. “ஓடுங்க! மேட்டுக்கு ஓடுங்க!” என்று கத்தினான். அவன் குரலை அவன் முரசே விழுங்கியது. அடியை நிறுத்தினால் விழா தொடங்கிவிட்டதென்று இன்னும் வேகமாக வருவார்கள். நிறுத்தாவிட்டால் வந்துகொண்டே இருப்பார்கள்.

கூட்டத்தின் முன்னால், இடுப்பில் பிள்ளையோடு பவளம். அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து, தாத்தாவுக்கு ஆட்டிக் காட்டினாள்.