வினிஃப்ரெட் ஏழு நிமிஷம் காத்திருந்தாள்

எழுதியவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட நாவல் என்றால் எங்கள் ஊர் சினிமா ஸ்டுடியோக்களுக்குத் தனி மரியாதை. உரிமை கேட்டு யாரும் வரமாட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவும் ஆள் கிடையாது. ஆகவே உலக இலக்கியத்தை இளைய தலைமுறையிடம் கொண்டு சேர்க்கும் புனிதப் பொறுப்பை பர்பேங்கில் ஏதாவது ஒரு ஸ்டுடியோ அவ்வப்போது தானாக முன்வந்து ஏற்றுக்கொள்ளும். அந்த வருஷம் அது என் தலையில் விழுந்தது.

நாவலின் பெயர் 'வினிஃப்ரெட் பெல்'. அறுநூறு பக்கம். இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மகள் வினிஃப்ரெட். அவள் விரும்பும் எட்மண்ட் வேலை தேடி மெட்ராசுக்குக் கப்பலேறிவிடுகிறான். 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?' என்று அவள் வெட்கத்தை விட்டு ஒரு கடிதம் போடுகிறாள். பதில் வர ஏழு வருஷம் ஆகிறது. அந்த ஏழு வருஷம்தான் நாவல். படித்து முடித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன்.

எனக்கும் இதில் சொந்த ஆசை ஒன்று இருந்தது. பதினைந்து வருஷமாக இந்த ஊரில் திரைக்கதை எழுதுகிறேன், ஒன்றுகூடத் திரையைத் தொட்டதில்லை. ஒரே ஒரு படத்திலாவது என் பெயர் வந்துவிட்டால் போதும். அதற்கு ஸ்டுடியோ தலைவர் ட்ரெவர் லுண்ட் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ட்ரெவர் வரை போவதற்கு முன்னால் பிரென்னாவைத் தாண்ட வேண்டும். அவள் இளையோர் உணர்வுப் பிரிவின் முதுநிலைத் துணைத் தலைவர். அந்தக் கட்டடத்தில் காபி இயந்திரத்தைத் தவிர எல்லோருமே துணைத் தலைவர்கள்தான்.

"நாவல் பிரமாதம், வாரன். அழுதுட்டேன்," என்றாள்.

"எந்த இடத்துல?"

"சுருக்கத்துல. ரெண்டாவது பத்தி. இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது. இந்தக் காலத்துக்கு மட்டும் கொண்டு வந்துடணும்."

ஒரு எழுத்தையும் மாற்றாமல் வேலையை ஆரம்பித்தோம். கிராமம் உயர்நிலைப் பள்ளி ஆயிற்று. பாதிரியார் யோகா வாத்தியார் ஆனார். நாவலில் வினிஃப்ரெடின் தங்கை காசநோயில் சாகிறாள். இளையோர் படத்தில் சாவு ஆகாது என்பதால் அவளுக்குக் கோதுமை ஒவ்வாமை கொடுத்தோம். உருக்கமான கட்டத்தில் அவள் பீட்சாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மெட்ராஸ், எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் மாலிபு கடற்கரை ஆயிற்று. சாயங்கால டிராஃபிக்கில் இரண்டும் ஒரே தூரம்தான் என்று பிரென்னா வாதாடினாள். என்னால் மறுக்க முடியவில்லை.

கடிதம் போனில் அனுப்பும் மெசேஜ் ஆனது. அங்கேதான் சிக்கல் பிடித்தது.

பிரென்னாவின் ஆலோசகர் கென்சி. வயது பதினாறு. ட்ரெவருடைய பல் டாக்டரின் மகள். அந்த அறையில் பதினாறு வயதை அண்மையில் பார்த்த ஒரே ஆள் என்பதால் அவள் தும்மினாலும் குறித்துக்கொண்டோம்.

"ஏழு வருஷமா பதிலே போடல. அவளும் அப்படியே உக்காந்திருந்தாளா?" என்றாள் கென்சி.

"ஆமா," என்றேன்.

"ஏன்?"

"காதல்."

"அவளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

பிரென்னா குறுக்கே வந்தாள். "ஏழு மாசம்னு வைக்கலாமா?" கென்சி தலையைத் தூக்கவில்லை. "ஏழு நாள்?"

"அதுக்குள்ள அவன் பேரே எனக்கு மறந்து போயிருக்கும்."

"சரி, நீயே சொல்லு."

"ஏழு நிமிஷம். அதுவும் அவன் கார் ஓட்டிட்டிருந்தாத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பிளாக் பண்ணிட்டு வேற வேலையைப் பாக்க வேண்டியதுதான்."

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "மாலிபு மலைக்குள்ள சிக்னல் இல்லைன்னு வச்சுக்கலாமே."

மூலையில் ஒரு மனிதர் கனைத்தார். படத்துக்கு விளம்பர உதவி செய்யும் போன் கம்பெனியின் துணைத் தலைவர். "எங்க கம்பெனிக்கு சிக்னல் இல்லாத இடம்னு பூமியில எதுவும் கிடையாது," என்றார்.

"போன் கடல்ல விழுந்துடுச்சுன்னா?"

"எங்க போன் கடல்ல இன்னும் நல்லா வேலை செய்யும்."

"பேட்டரி?"

அவர் முகம் சிவந்தது. நல்லவேளை, அவருக்கு அப்போது ஒரு அழைப்பு வந்தது. அறைக்குள் சரியாகக் கேட்கவில்லை என்று பால்கனிக்குப் போய்விட்டார்.

ஆக, எட்மண்டிடம் போன் உண்டு, சிக்னல் உண்டு, பேட்டரி நிறைய உண்டு. பதில் மட்டும் போடவில்லை. வினிஃப்ரெட் ஏழாவது நிமிஷத்தில் அவனைத் தலைமுழுகிவிட்டு நிமிர்ந்து நடக்கிறாள். படத்தில் மிச்சமிருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு அவளுக்கு வேலை கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. இரண்டு நடனம் போட்டேன். ஒரு நாய் வாங்கிக் கொடுத்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியதும் பள்ளிக்கூடமே வாயடைத்து நிற்கும் காட்சியையும் சேர்த்தேன்.

அந்த வேஷத்துக்கு முப்பத்தொரு வயது டெல்ஃபின் தேர்வானாள். கென்சியும் ஆசைப்பட்டு நடித்துக் காட்டினாள். நடிகர் தேர்வுப் பிரிவின் துணைத் தலைவர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "முகத்துல பரு இருக்கு. நிக்கறது ஒரு மாதிரி கோணலா இருக்கு. பதினாறு வயசுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க," என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு தடவை நான் வாயைத் திறந்தேன். "பிரென்னா, அவ காத்திருக்கறதுதான் கதையே. அதை எடுத்துட்டா என்ன மிச்சம்?"

"தலைப்பு," என்றாள்.

எடுத்துவிட்டேன். அப்போது கை நடுங்கியது என்று எழுத ஆசைதான், நடுங்கவில்லை. ட்ரெவர் 'சரி' சொல்வார் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

எழுதி முடித்துக் கொடுத்ததும் ட்ரெவர் என் தோளைத் தட்டினார். "அபாரமான வேலை. திங்கட்கிழமை சொல்றேன்."

திங்கட்கிழமை வந்தது. அதற்குப் பிறகும் திங்கட்கிழமைகள் வந்தவண்ணம் இருந்தன. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் 'இல்லை' என்று சொல்வதில்லை, அது மரியாதைக் குறைவு. பேசாமல் இருந்துவிடுவார்கள். அதையும் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டால் நம்மைத்தான் அவசரக்காரன் என்பார்கள். நான் குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு கொண்டுபோனேன். அவருடைய அலுவலகத்துக்குப் பேசினால், "இப்பத்தான் உங்களைக் கூப்பிடணும்னு சொல்லிட்டிருந்தார்," என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தைத் தள்ளினேன்.

நான் மட்டுமில்லை. பிரென்னா ட்ரெவருக்காகக் காத்திருந்தாள். ட்ரெவர் நியூயார்க்கிலுள்ள முதலாளிகளுக்காகக் காத்திருந்தார். டெல்ஃபின் ஒரு சாலட் கடையில் பரிமாறினாள், கூப்பிட்டால் உடனே ஓடலாமே என்று. தட்டை வைக்கும்போதெல்லாம் "ஏதாவது தெரிஞ்சுதா?" என்பாள். அவளுக்கு முப்பத்தேழு ஆகிவிட்டது, இன்னும் அந்தப் பதினாறு வயது வேஷத்துக்காக உடம்பைக் கட்டுக்குள் வைத்திருந்தாள்.

கென்சியும் கல்லூரிக்குப் போனாள், அதை முடிக்கும் வருஷமும் வந்தது. ஒருநாள் அவளிடமிருந்து மெசேஜ். "ட்ரெவர் எனக்கு வேலை போட்டுத் தரேன்னு சொன்னார். அஞ்சு மாசமாச்சு, பதிலே இல்லை. திரும்பக் கேட்டா கோவிச்சுக்குவாரா? இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கட்டுமா?"

"பொறு," என்று அனுப்பினேன். வேறென்ன சொல்வது?

அதற்கு அடுத்த மாதம் ட்ரெவரே கூப்பிட்டார். ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்த நான் காரை ஓரங்கட்டினேன்.

"வாரன், ஒருவழியா உன் கதையைப் படிச்சேன்ப்பா. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு இடம்தான் உதைக்குது."

"சொல்லுங்க, ட்ரெவர்."

"இந்தப் பொண்ணு. பதில் வரலைன்னு ஏழு நிமிஷத்துல எழுந்து போயிடறா. யாருப்பா அப்படிப் போறாங்க? நிஜத்துல நீ பாத்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை," என்றேன்.

"உன்னையே எடுத்துக்கோ. இத்தனை வருஷமாச்சு, ஒரு தடவையாவது கோவிச்சுக்கிட்டியா? வேற ஸ்டுடியோ பக்கம் போனியா? மனுஷங்க அப்படித்தான் இருப்பாங்க. அவளை உன்னை மாதிரி எழுது. அப்பத்தான் பாக்கறவங்களுக்கு அழுகை வரும்."

"அப்படி எழுதிக் கொடுத்தா சரின்னு சொல்லிடுவீங்களா?"

"திங்கட்கிழமை சொல்றேன்."

"அவசரமே இல்லை, ட்ரெவர்," என்றேன்.