கவர்னர் அணைத்த கற்பூரம்

கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவில் கவர்னர் தின்னாமல் விட்டது வேப்பங்கொட்டை ஒன்றுதான். அதுவும் கசக்கும் என்பதால். கிணற்றைத் தின்றார். பள்ளிக்கூடத்துக் கூரையைத் தின்றார். சங்கராபுரம் பக்கம் ஒரு சின்னப் பாலத்தை, அதைக் கட்டுவதற்கு முன்பே முழுசாகத் தின்று ஏப்பம் விட்டார்.

நிஜக் கவர்னர் இல்லை, யூனியன் சேர்மன். ஜெயித்த மறுநாளே ஜீப்பின் மூக்கில் ஒரு கொடிக்கம்பியை வெல்டிங் வைத்தார். எந்தக் கொடியையும் அதில் கட்ட அவருக்கு உரிமை இல்லை என்று தாசில்தார் சொல்லிவிட்டதால், மஞ்சள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பறந்தார். டீக்கடையில் யாரோ, "டேய், கவர்னர் போறாருடா" என்றார்கள். அது கேலி என்று அவருக்குப் புரியவில்லை. அடுத்த போஸ்டரிலேயே பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

நான் அந்த ஜீப்பில் மைக் பிடித்தவன். செங்கல் சூளை, கரும்பு வெட்டு, லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு, காலில் ஆறாத கொப்புளத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். "தொண்டை கணீர்னு கீதே. எதனா கத்து பாக்கலாம்" என்றார். கத்தினேன். அன்று ராத்திரியே ஜீப்பின் பின்சீட்டில் படுக்க இடம் கிடைத்தது. அவரை வாழ்க வாழ்க என்று கத்துவதற்கு எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை, சோறு போதுமானதாக இருந்தது.

கவர்னரின் ஆட்சி முழுவதும் ஒரே வார்த்தையில் நடந்தது. "மாதிரிதான்."

"குழாயில தண்ணி வரலீங்க" என்பாள் ஒருத்தி.

"குழாய் வந்துடுச்சா? அப்ப தண்ணி வந்த மாதிரிதான்."

"வாத்தியாரு வரதே இல்லீங்க" என்பான் இன்னொருத்தன்.

"பள்ளிக்கூடம் கீதுல்ல? புள்ளைங்க படிச்ச மாதிரிதான்."

இப்படித்தான் மலைமேல் இருக்கும் புங்கம்பாறைக்கு ரோடு போட்டார். அதாவது, ரோடு போட்ட மாதிரி. ஜீப் போகும் பாதை முடிகிற இடத்திலிருந்து ஊர் வரைக்கும் மஞ்சள் தலை வைத்த மைல் கல்லாக நட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கல்லிலும் எண் இருந்தது. முதல் கல்லுக்கு மாலை போட்டுக் கும்பிட்டு போட்டோவும் எடுத்துக்கொண்டார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மட்டும், அவர் பிறப்பதற்கு முன்னாலிருந்தே கிடக்கும் ஆட்டுத்தடம்.

யாரோ மேலே புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். விசாரணைக்கு ஆபீசர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், ஒரு கட்டுச் சேலையை என் தலையில் ஏற்றிவிட்டு மலைக்குக் கிளம்பினார் கவர்னர். ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. தன் ரோட்டில் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை. பாதி வழியிலேயே, "எந்த நாயிடா இப்பிடி வச்சிகீது இத?" என்று மூச்சு வாங்கினார்.

புங்கம்பாறையில் ஊருக்காகப் பேசுவது சின்னப்பொண்ணு என்ற கிழவிதான். மலையில் 'ங்க' எல்லாம் கிடையாது. கலெக்டரே வந்தாலும் "வா, குந்து" தான்.

"ஆபீசர் வந்து கேட்டா ரோடு கீதுன்னு சொல்லிடுங்க, அவ்ளோதான்" என்றார் கவர்னர்.

சின்னப்பொண்ணு ஒரு சேலையை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். "சேலைல அந்தப் பக்கம் இருக்குற மரமெல்லாம் தெரியுது. ரோடுதான் தெரியல."

"போட்ட மாதிரிதான் தாயி."

"சரி. நீ மாரியாத்தா முன்னால நின்னு, ரோடு கீதுன்னு சொல்லி சூடம் அணை. நீ அணைச்சா நாங்களும் சொல்றோம்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு மேல் கோர்ட் கிடையாது. பொய்ச் சத்தியத்தை ஆத்தாளே பார்த்துக்கொள்வாள். நான் பயந்து கவர்னரின் சட்டையை இழுத்தேன். அவர் என் காதில், "நாக்கு இந்த ரோட்ட சொல்லும்டா, மனசு திருக்கோவிலூர் ரோட்ட நெனைக்கும். சாமிக்கு இன்னா தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டு, "ரோடு கீது!" என்று முழங்கிக் கற்பூரத்தை அணைத்தார். உள்ளங்கையை ஊதிக்கொண்டே இறங்கினார்.

கொஞ்ச தூரத்தில் கால் வலிக்கிறது என்று தான் நட்ட மைல் கல்லின் மேலேயே உட்கார்ந்தார். கல்லுக்குத் தோண்டிய குழியைச் சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். அதில் ஒரு விரியன் குடியிருந்தது. கவர்னரின் ஆட்சியில் வீடு கிடைத்த ஒரே ஜீவன் அதுதான். கணுக்காலில் போட்டுவிட்டது.

"ரோடு இல்ல! ஆத்தா, ரோடு இல்ல! திருக்கோவிலூர் ரோட்டத்தான் சொன்னேன்!" என்று அலறினார். நான் கத்திய கத்தலுக்கு மைக் தேவைப்படவில்லை. ஊரே இறங்கி ஓடி வந்தது.

சின்னப்பொண்ணு கடிவாயைப் பார்த்தாள். "இன்னாத்துக்கு எங்கள கூப்புட்ற? ரோட்டுல ஜீப்ப வரச்சொல்லு."

"ரோடு இல்ல தாயி!"

"கொஞ்ச முன்ன இருந்துச்சே."

சொல்லிக்கொண்டே கைகள் வேலை பார்த்தன. ஒரு மூங்கில் வந்தது. அவர் கொண்டுவந்த சேலையிலேயே தூளி கட்டினார்கள். ஒரு சேலை அவர் கனத்துக்குக் கிழிந்துவிட, மிச்சச் சேலைகளையும் பிரித்து மடித்துப் போட்டார்கள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கால் வீங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மைல் கல்லிலும் தோள் மாற்றினார்கள். உள்ளேயிருந்து, "செத்துடுவனா? செத்துடுவனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் கவர்னர்.

"ஆடாம படு. பொழைச்ச மாதிரிதான்" என்றாள் அவள்.

இளைஞர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த கல்லில் தோள் மாற்றும்போது அவளே சொன்னாள்: "என் மருமவளையும் இப்பிடித்தான் தூக்கினு வந்தோம், தலைப்பிரசவம். இந்தக் கல்லாண்ட வரைக்கும் பேசிகினுதான் வந்தா."

அதன் பிறகு ஜீப் நின்ற இடம் வரும்வரை தூளிக்குள்ளிருந்து சத்தமே இல்லை. செத்துவிட்டாரோ என்று விலக்கிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். விசாரணை நாள் வந்தது. காலில் கட்டோடு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் நான்தான் தைரியம் சொன்னேன். "ஊசிதான் தலைவரே காப்பாத்துச்சு. சாமியெல்லாம் ஒண்ணுமில்ல. ரோடு கீதுன்னே சொல்லிடுங்க. சின்னப்பொண்ணு வாக்கு மாறமாட்டா."

"அதாண்டா" என்றார். என் தோளைப் பிடித்து எழுந்தார்.

உள்ளே போய், "ரோடு இல்ல சார்" என்றார்.

ஆபீசர் நிமிர்ந்தார். "போட்டாச்சுன்னு சொல்லியிருக்கீங்களே?"

"பொய் சார்."

பின்னால் நின்ற கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக ஒன்றுக்குப் போனார்கள். இன்னும் திரும்பவில்லை. கவர்னர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா கல்லு நட்டது நெசம் சார். அத சேத்துக்குங்க. ரெண்டு கல்லு மட்டும் என் வூட்டாண்ட துணி தோய்க்க கெடக்குது" என்றார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கிணறு, கூரை, பாலம் பற்றிக் கேட்டபோது வாயே திறக்கவில்லை. தின்றதில் ரோடு ஒன்றைத்தான் கக்கினார். அதற்கே கடலூர் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். பதவி போனது, ஜீப்பை விற்றார்கள். எனக்கும் மறுபடி லாரி.

விடுதலையாகும் நாள் கேள்விப்பட்டு, லோடு இறக்கிய கையோடு போனேன். ஒரு பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கூட்டம் எங்கடா?"

"பஸ் ஸ்டாண்டாண்ட நிக்குது தலைவரே. இங்க போலீசு வுடல."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டார்.

"வேட்டி கசங்கியிருக்கா?"

"இல்ல தலைவரே" என்றேன். குனிந்து, கசங்கியிருந்த கரையை நீவி விட்டேன்.